நான்கு ‘உப’க்களும் ஒரு கதிரையும்

எங்கள் மன்றத்தில் ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது பேருக்கும் பதவி இருந்தது. தலைவர், உப தலைவர், செயலாளர், உப செயலாளர், பொருளாளர், உப பொருளாளர், பத்திராதிபர், உப பத்திராதிபர், கணக்காய்வாளர். வெறும் அங்கத்தவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் மிஞ்சவில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் பிளாட்டின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், இரண்டு மணி நேரத்தில் இந்தத் தெரிவு நடந்து முடிந்தது. பணமே இல்லாத மன்றத்துக்குக் கணக்காய்வாளர் எதற்கு என்று கேட்டேன். யாப்பில் இருக்கிறது என்றார்கள். யாப்பு எங்கே என்றேன். இனிமேல்தான் எழுத வேண்டும் என்றார்கள்.

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் இருக்காது. அப்பா பழைய மாணவர் சங்கத்தில் உப தலைவர். அம்மா கோயில் மாதர் சபையில் பொருளாளர். சங்கம் என்றால் முதலில் பதவி, பிறகு பெயர், பிறகு பெனர், வேலை கடைசியில். நாங்கள் வேறு மாதிரி என்றுதான் நினைத்திருந்தோம். காலிமுகத்திடல் போராட்டத்தில் வெயிலிலும் மழையிலும் போய் இருந்தவர்கள் நாங்கள். முன்பின் தெரியாதவர்களோடு சோற்றுப் பார்சலைப் பகிர்ந்து, மூன்று மொழியிலும் கத்தி, தொண்டை கட்டி வீடு வந்தவர்கள். நாடு மாறுகிறதோ இல்லையோ, நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையையாவது, இந்த ஒரு தெருவையாவது மாற்றிக் காட்டுவோம் என்றுதான் மொட்டை மாடிக்கு ஏறினோம். ஏறிய பிறகு அப்பாமார் செய்ததையே செய்தோம்.

ஒன்பது பேரில் ஐந்து ஆண்கள், நான்கு பெண்கள். நான்கு பெண்களும் ‘உப’. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பெடியனின் பெயர் முன்மொழியப்படும், வழிமொழியப்படும், பிறகு “உபவுக்கு லேடீஸ் யாராவது?” என்று ஒரு குரல் வரும். நான் உப செயலாளர். தலைவர் என் சொந்த அண்ணன். வீட்டில் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்கத் தெரியாதவன் மாடியில் தலைமையுரை ஆற்றினான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அம்மா சொல்லுவார். அன்று ஏனோ அது வெளியே வரவில்லை. பதவி கிடைத்த சந்தோஷம் எனக்கும் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

முதல் வேலை, மன்றத்தைத் தொடக்கி வைக்கும் அங்குரார்ப்பண விழா. அதற்காக மூன்று கூட்டம் போட்டோம். மங்கல விளக்கேற்றல், மௌனப் பிரார்த்தனை, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை. நன்றியுரை எனக்கு. பெனரில் யாருடைய படம் பெரிதாக வரவேண்டும் என்பதிலேயே இரண்டாவது கூட்டம் முழுவதும் போய்விட்டது.

அந்த நாட்களில் எங்கள் லிப்ட் வேலை செய்யவில்லை. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்ததில் உள்ளே ஏதோ எரிந்துவிட்டது. புதுப் பாகம் வெளிநாட்டில் இருந்து வரவேண்டும். வீட்டுச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிறார்கள். ஒவ்வொருவராக ஓம் சொல்லி முடிக்கவே இரண்டு மாதம் போனது. நாங்கள் இரண்டாம் மாடி. முணுமுணுத்துக்கொண்டு ஏறி இறங்கினோம்.

நான்காம் மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம். வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் கடை. அவருக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை செய்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, பாரம் தூக்கக்கூடாது. உம்மா வீட்டில் இருந்தே ஓடருக்குச் சமைத்துக் கொடுப்பவர். ஒரே மகள் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தாள். பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது, காலி வீதியைக் கடக்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் அவளை அடித்துவிட்டது. இடது கால் முறிந்து, களுபோவில ஆஸ்பத்திரியில் ஒபரேஷன் செய்து, தொடையில் இருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தாள். அன்று காலியில் இருந்து வந்த மாமாமார் இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். ஏற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். காலை ஊன்றவே கூடாது என்பது டொக்டரின் கட்டளை. பரீட்சை மண்டபத்தில் கீழ் மாடியில் மேசை போட்டு, சக்கர நாற்காலியும் ஒழுங்கு செய்திருந்தார்கள். மிச்சம் இருந்தது எங்கள் பிளாட்டின் எழுபத்திரண்டு படிகள்தான். எட்டு நாள் அவள் அவற்றில் இறங்கி ஏற வேண்டும். ஒரு தாள் தவறினாலும் ஒரு வருடம் போய்விடும்.

எங்கள் மூன்றாவது கூட்டத்தின் நடுவில் அவளுடைய உம்மா மொட்டை மாடிக்கு வந்தார். சின்ன உருவம், மெல்லிய குரல்.

“புள்ளைகளே, எங்கட மகளுக்கு சோதின வருது. லிப்டும் இல்ல. வாப்பாக்கும் தூக்க ஏலாது. ஒங்களால ஏதும் செய்ய ஏலுமா?”

அண்ணன் எழுந்து நின்றான். “யோசிக்காதேங்கோ அன்ரி. இதை நாங்கள் முறைப்படி எடுக்கிறம்.”

முறைப்படிதான் எடுத்தோம். நான்காம் மாடிச் சகோதரிக்கு ஏற்பட்ட விபத்தையிட்டு மன்றம் ஆழ்ந்த கவலை தெரிவிப்பதோடு, அவர் பரீட்சையில் சித்தியடைய வாழ்த்துகிறது. லிப்டை விரைந்து திருத்துமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறது. முன்மொழிந்தவர் பத்திராதிபர், வழிமொழிந்தவர் கணக்காய்வாளர். ஏகமனதாக நிறைவேறியது. அதைக் கடிதத்தாளில் தட்டச்சு செய்தது நான். கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் கந்தோரில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், எழுத்தின் அளவை இரண்டு தரம் மாற்றி, ஓரம் பார்த்து, அழகாக அச்செடுத்தேன். ‘ஆழ்ந்த கவலை’ என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். பின்னேரம் உறையில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் காலைத் தலையணைமேல் நீட்டி வைத்துக்கொண்டு, சுற்றிவரக் குறிப்புகளைப் பரப்பியபடி இருந்தாள். கடிதத்தை ஆறுதலாக வாசித்தாள். மடித்து மடியில் வைத்தாள்.

“அக்கா, நல்லா எழுதீரிக்கீங்க. ஆனா இந்தத் தீர்மானத்துல ஏறி இருந்து கீழ எறங்க ஏலுமா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எத்தனை தரம் மற்றவர்களைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். இப்போது சுரைக்காயை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

“சரி, உனக்கு என்ன வேணும்? நீயே சொல்லு,” என்றேன்.

அவள் எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையின் கைபிடி வைத்த மரக் கதிரை. இடுப்பைக் கட்ட ஒரு ஷோல். முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு இரண்டு பேர். கடைசியாக ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ஆம்புளப் புள்ளைகள் தூக்க வாணாம் அக்கா. எனக்கு ஒரு மாதிரி இரிக்கி. சோதின எழுதப் போற நேரம் அந்த நெனப்போட போக ஏலா.”

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். மன்றத்தில் பெண்கள் சரியாக நான்கு பேர்.

வீட்டுக்கு இறங்கி அண்ணனிடம் சொன்னேன். “நல்ல யோசனை. அடுத்த கூட்டத்தில எடுப்பம்,” என்றான். அவ்வளவுதான், மூக்கு நுனியில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

“விசரே உனக்கு? அடுத்த கூட்டத்துக்கு முதல் அவளுக்கு கெமிஸ்ட்ரி சோதினை இருக்கு. அவளை ஆர் இறக்கிறது, உன்ர யாப்போ? நாடு மாற வேணும் எண்டு கத்தினாய். ஒரு கதிரையைத் தூக்கிறதுக்கு உனக்குக் கூட்டம் வேணுமோ?”

ஐந்து மாடிக்கும் கேட்டிருக்கும். அண்ணன் போய்க் கதவைச் சாத்தினான். பிறகு, “அப்ப நாங்கள் என்ன செய்யிறது?” என்று கேட்டான். தலைவர் ஆனதற்குப் பிறகு அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அந்த நிமிடம் அவனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆண்களுக்கு முதல் வேலை, கதிரையில் பாரமாக இருப்பது. ஒத்திகைக்கு அண்ணனையே இருத்தினோம். நான் முன்னால் இடப்பக்கம், உப தலைவர் முன்னால் வலப்பக்கம், பின்னால் உப பொருளாளரும் உப பத்திராதிபரும். நான்காம் மாடியில் இருந்து மூன்றாம் மாடிக்கு இறங்குவதற்குள் பிடி இரண்டு தரம் நழுவியது. திருப்பத்தில் கதிரை ஒரு பக்கம் சரிய, தலைவர் “ஐயோ அம்மா” என்று கத்தினார். வாசலில் நின்ற சிங்களச் செக்கியூரிட்டி அய்யா என்னவோ ஏதோவென்று இரண்டு இரண்டு படியாக ஓடி வந்தார். கதிரையில் தலைவரையும் சுற்றிவர எங்களையும் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து சிரித்தார்.

ஒத்திகையில்தான் இன்னொன்றும் தெரிந்தது. படிகள் அகலம்தான், ஆனால் படியில் இடம் இல்லை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சப்பாத்து ராக்கை, பூச்சாடி, பழைய சைக்கிள், எங்கள் வீட்டு உடைந்த துணிக்கொடிச் சட்டம். எல்லாவற்றையும் எடுக்க வைக்க வேண்டும். அது ஆண்களின் இரண்டாவது வேலை. வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். காலிமுகத்திடலில் ஒலிபெருக்கியில் கேட்பது லேசு. மூன்றாம் மாடி அன்ரியிடம் சப்பாத்து ராக்கையை எடுக்கச் சொல்லிக் கேட்பது லேசல்ல என்று அண்ணன் வந்து சொன்னான். முதல் நாள் அவர் கதவையே திறக்கவில்லை. இரண்டாம் நாள், “இருபது வருசமா அது அங்கதான் நிக்குது,” என்றார். மூன்றாம் நாள் அண்ணன் ஒன்றும் பேசாமல் எங்கள் வீட்டுத் துணிக்கொடிச் சட்டத்தைத் தோளில் சுமந்துகொண்டு அவர் வாசலைத் தாண்டி மொட்டை மாடிக்கு ஏறினான். ராக்கை பின்னேரமே உள்ளே போய்விட்டது.

முதல் நாள் காலை ஆறரைக்கே நான்காம் மாடியில் நின்றோம். அவள் வெள்ளைச் சீருடையில், ஷோலால் இடுப்பைக் கட்டி, கதிரைக் கைபிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். உம்மா பைலும் தண்ணீர்ப் போத்தலும் கையில் இருக்க முன்னால் இறங்கினார். கணக்காய்வாளருக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது: எங்கள் கால்கள் ஒன்றாகப் படிவதற்காக முன்னால் நின்று படிகளை உரத்து எண்ணினார். மாவுக்கட்டின் பாரம் என் தோளில். கையில் வியர்வை. இடையில் மூன்று தரம் இறக்கி வைத்தோம். கீழே வந்தபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அவளும் வாப்பாவும் த்ரீவீலில் ஏறி ஒழுங்கை முனையைத் தாண்டியதும், நாங்கள் நான்கு பேரும் கடைசிப் படியில் அப்படியே இருந்துவிட்டோம். மரைன் டிரைவ் பக்கம் இருந்து கடல் காற்று வந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் வேலைக்குப் பிந்திப் போனதில்லை.

எட்டு நாளும் உண்மையில் எங்களை நடத்தியது அவள்தான். பின்னேரம் ஏற்றிவிட்டு வந்த கையோடு வட்ஸ்அப்பில் குரல் செய்தி வரும். “உப தலைவர் அக்கா வலப்பக்கம் பதிக்கிறாங்க, இன்னும் கொஞ்சம் ஒசத்தணும். திருப்பத்துல மொதல்ல பின்னுக்கு இரிக்கிறவங்க நிக்கணும், பொறகு முன்னுக்கு. நாளைக்கி ஆறு நாப்பது போதும், தூங்கிட்டு வாங்க.” இரண்டாம் நாள் பதினெட்டு நிமிடம். நான்காம் நாள் பதின்மூன்று. ஆறாம் நாள் பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டு, நேரம் மிச்சம் என்று அவளோடு வாசலில் நின்று பிளேன்ரீ குடித்தோம்.

அங்குரார்ப்பண விழாவை யாரும் நிறுத்தவில்லை. அதைப் பற்றிப் பேச ஒருவருக்கும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். இன்றுவரை அது நடக்கவில்லை, மன்றம் நடக்கிறது. தண்ணீர் வெட்டு நாட்களில் தாங்கியின் வால்வைத் திறந்து பூட்டுவதற்கு முறை வைத்திருக்கிறோம். குப்பையைப் பிரித்து வைக்காத வீட்டுக்கு அண்ணனை அனுப்புகிறோம். அறிவித்தல்கள் மூன்று மொழியிலும் போகின்றன. சிங்களத்தைச் செக்கியூரிட்டி அய்யா பார்த்துத் திருத்தித் தருகிறார். பாமன்கடையில் ஒரு பிளாட்டில் இருந்து, இதெல்லாம் எப்படித் தொடங்கினீர்கள் என்று கேட்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். நாங்கள் கதிரையைத்தான் காட்டினோம்.

அந்த எட்டு நாளில் எட்டாம் நாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கடைசித் தாள், உயிரியல். அவளுக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். வைத்தியர் ஆக வேண்டும் என்ற எண்ணத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, ஆறாம் நாள் பிளேன்ரீயோடு எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். அன்று ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, உப பொருளாளரின் அம்மா தொலைபேசியில் அழைத்தார். பிள்ளைக்கு விடியப்புறம் தொடக்கம் காய்ச்சல், எழும்பவே முடியவில்லை.

நான்காம் மாடியில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். மூன்று பேரால் அந்தக் கதிரையை இறக்க முடியாது; ஒத்திகையிலேயே பார்த்துவிட்டோம். அண்ணன் படியில் நின்றபடி மாடி மாடியாகத் தொலைபேசி எடுத்தான். மூன்றாம் மாடி அன்ரி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். முதலாம் மாடி அக்கா ஏற்கெனவே பஸ்ஸில் இருந்தார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஏழு பத்து ஆனது. கீழே த்ரீவீல்காரர் ஹோன் அடித்தார்.

“நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிறம்,” என்றான் அண்ணன். படியில் கண்ணை மூடிக்கொண்டு! வேறு நேரமாக இருந்தால் நான் அதற்கே ஒரு மாதம் அவனைப் பகிடி பண்ணியிருப்பேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.  “பரவால்ல அக்கா. அவங்களே தூக்கட்டும்,” என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கடைசி நாளில் அவளை அந்த முகத்தோடு அனுப்பப் போகிறோமே என்று இருந்தது.

அப்போது உம்மா கையில் இருந்த பைலையும் போத்தலையும் வாப்பாவிடம் கொடுத்தார். தலையில் இருந்த முந்தானையை இழுத்து இறுக்கிச் செருகினார். கதிரையின் பின்னால், உப பொருளாளர் நிற்கும் இடத்தில் வந்து நின்று, குனிந்து பிடித்தார்.

“தூக்குங்க மகள், நேரம் போகுது,” என்றார்.

“அன்ரி, நீங்கள்...” என்று நான் தொடங்குவதற்குள் கதிரை அவர் பக்கம் உயர்ந்துவிட்டது. நாங்கள் மற்ற மூலைகளை அவசரமாகப் பிடித்தோம். கணக்காய்வாளர் எண்ணத் தொடங்கினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் வழக்கம்போல் இறக்கி வைப்போம் என்று நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் இருந்து, “போங்க, போங்க,” என்று குரல் வந்தது. இரண்டாம் மாடியிலும் இறக்கவில்லை. அவர் மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. என் மூச்சுத்தான் எனக்குக் கேட்டது. எழுபத்திரண்டாவது படியில் மணியைப் பார்த்தேன். பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

மகளின் நெற்றி வியர்வையை ஷோல் நுனியால் துடைத்துவிட்டு, உம்மா த்ரீவீலின் கதவடியில் நின்று ஏதோ ஓதி ஊதினார். வண்டி போனது. செய்தி வரும்வரை ஒருவரும் மேலே ஏறவில்லை. எட்டு மணிக்கு முன்பே வாப்பாவிடம் இருந்து வந்தது: மண்டபத்துக்குள் போய்விட்டாள், சிரித்துக்கொண்டு போனாள். அண்ணன் கைதட்டினான். செக்கியூரிட்டி அய்யாவும் தட்டினார். உப தலைவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். 

நான் உம்மாவிடம் போனேன். உண்மையான கவலையோடுதான் கேட்டேன்.

“அன்ரி, பாரமெல்லோ. உங்களுக்கு முதுகு கிதுகு நோகேல்லையோ?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. இவ்வளவு படித்த பிள்ளை இதைக்கூட யோசிக்கவில்லையே என்ற ஒரு ஆச்சரியம்தான்.

“லிப்ட் நிண்ட நாள்ல இருந்து எங்கட ஊட்டுக்கு காஸ் சிலிண்டர யாரு ஏத்தினதெண்டு நெனச்சீங்க மகள்?”

சொல்லிவிட்டுப் படியில் ஏறத் தொடங்கினார். பதினோரு மணிக்குக் கொடுக்க வேண்டிய சாப்பாட்டு ஓடர் ஒன்று அவருக்கு இருந்தது. முதல் நாள் காலை, கதிரையைப் பிடிக்க வந்தவரின் கையில் பைலையும் போத்தலையும் கொடுத்து, “அன்ரி, நீங்கள் தள்ளி நில்லுங்கோ, நாங்கள் பார்த்துக்கொள்ளுவம்,” என்று சொன்னது நான்தான்.